கனடாப் பெரியம்மாவின் வயிறும் எங்கட வயிறும்

எடை குறைக்கிற சத்திரசிகிச்சையைப் பற்றி நெல்லியடியில் ஆரும் வெளியில் கதைக்கிறதில்லை. ஆனால் கதைக்காத வீடும் குறைவு. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரர் ஆராவது செய்திருப்பினம். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருவினம், ஆள் பாதியாய் இருப்பினம். என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டால் முதல் நாள் "நடை" எண்டுவினம். இரண்டாம் நாள் "சோறு விட்டிட்டன்" எண்டுவினம். மூண்டாம் நாள் இரவு குசினிக்குள்ள வைச்சு மெல்லமாய் உண்மை வரும். அவை திரும்பிப் போன பிறகு அந்த உண்மை வட்ஸ்அப் குரல்பதிவாய் ஒவ்வொரு வீடாய்ச் சுத்தும். கடைசியில் அது ஒரே ஒரு கேள்வியாய் வந்து நிக்கும்: ஸ்லீவ் நல்லதோ, பைபாஸ் நல்லதோ?

இந்தக் கேள்வியே பிழையான இடத்தில தொடங்குது எண்டதுதான் என்ர நிலைப்பாடு. நான் டொக்டர் இல்லை. ஆனால் இந்தத் தெரிவை எங்கட வீடுகளில் டொக்டர்மாரும் செய்யிறதில்லை, சத்திரசிகிச்சை செய்யப் போறவரும் செய்யிறதில்லை. முன்னம் செய்த சொந்தக்காரர்தான் செய்யினம். தங்களுக்குச் சரிவந்ததை மற்றவைக்குச் சொல்லுறது அன்பாலதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரைப்பை சீலை மாதிரி இல்லை. ஒராளுக்குப் பொருந்தினதை மற்றாளுக்குக் கட்டிவிட ஏலாது.

என்ர சிநேகிதி ஒருத்தியை எடுங்கோ. வயசு 28. உயரம் 160 சென்ரிமீற்றர், எடை 98 கிலோ. ஐஞ்சு வருசமாய்ச் சீனி வருத்தம். இரவில் படுத்தால் நெஞ்செரிவு, தலைக்கு இரண்டு தலையணை வைச்சுத்தான் நித்திரை. கனடாவில் இருக்கிற அவளின்ர பெரியம்மா ஸ்லீவ் செய்து 40 கிலோ குறைஞ்சவ. "அதைச் செய், சின்ன ஒப்பரேசன், மூண்டு நாளில் வீட்டை வரலாம், காசு நான் அனுப்புறன்" எண்டு அவ நிக்கிறா. லண்டன் சித்தப்பா பைபாஸ் செய்தவர். அவர் ஸ்லீவை நக்கலடிக்கிறார். இரண்டு பேரில் ஒருவர்கூட அவளிட்ட "உனக்கு நெஞ்செரிவு இருக்கோ?" எண்டு கேட்கேல்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஏன் எண்டு பாப்பம்.

அதுக்கு முதல் ஒரு குழப்பத்தைத் தள்ளி வைப்பம். கொழுப்பை ஊசியால் உறிஞ்சி எடுக்கிற லிப்போசக்சன் இதில்லை. அது உடம்பின்ர வடிவத்தைத் திருத்துற வேலை, எடைக்கும் சீனிக்கும் மருந்தில்லை. 2022 இல் பெங்களூரில் 21 வயசு கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு அகற்றுற சிகிச்சைக்குப் போய் இறந்தபோது, எங்கட ஆக்கள் முகப்புத்தகத்தில் "ஸ்லீவ் செய்து செத்திட்டா" எண்டு எழுதினவை. இரண்டும் வேற வேற.

ஸ்லீவ் எண்டால் சட்டைக் கை. பை மாதிரி இருக்கிற இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நெடுக்காக வெட்டி வெளியில எடுத்துப் போடுவினம். மிஞ்சிறது ஒரு வாழைப்பழம் அளவான குழாய். குடலில் கை வைக்கிறதில்லை. வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைத் தூண்டுற கிரெலின் எண்ட ஹோர்மோன் கூடுதலாய்ச் சுரக்கிறது. அதாலை இடம் மட்டுமில்லை, பசியும் குறையும். வெட்டினது வெட்டினதுதான், திருப்பி ஒட்டேலாது.

இந்தச் சத்திரசிகிச்சையின்ர பிறப்பு சுவாரசியமானது. இது ஒரு தனிச் சிகிச்சையாய்ப் பிறக்கவே இல்லை. மிக அதிக எடை உள்ள ஆக்களுக்கு நீண்ட நேரச் சத்திரசிகிச்சை ஆபத்து எண்டபடியால், 2000 ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் பெரிய வேலையை இரண்டாய்ப் பிரிச்சினம். முதல் கட்டம் ஸ்லீவ், எடை கொஞ்சம் குறைஞ்ச பிறகு இரண்டாம் கட்டமாய்க் குடலை மாத்துறது. ஆனால் முதல் கட்டம் முடிஞ்ச ஆக்கள் சிலருக்கு எடை நல்லாவே இறங்கிப் போச்சு, இரண்டாம் கட்டம் தேவைப்படேல்லை. அப்பிடித்தான் பாதி வேலை முழு வேலையாய் மாறினது. இண்டைக்கு உலகத்தில் ஆகக் கூடுதலாய்ச் செய்யப்படுறது இதுதான். நேரம் குறைவு, பொருத்து இல்லை, பழகிறது லேசு. கூடுதலாய்ச் செய்யப்படுறது எண்டதுக்கும் உங்களுக்கு நல்லது எண்டதுக்கும் இடையில இருக்கிற தூரத்தை மறக்கக் கூடாது.

பைபாஸ் வயசில் மூத்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசன் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் 1966 இல் தொடங்கினது. புண் காரணமாய் இரைப்பையில் ஒரு பகுதி எடுக்கப்பட்டவை பிறகு எடை போடுறதில்லை எண்ட கவனிப்பில இருந்துதான் அந்த யோசனை வந்தது. இப்ப செய்யிற முறையில் இரைப்பையின்ர மேல் பக்கத்தில் ஒரு சின்னப் பையைப் பிரிப்பினம். கோழி முட்டை அளவும் வராது, சுமார் 30 மில்லிலீற்றர். சிறுகுடலை வெட்டி ஒரு முனையை மேல கொண்டுவந்து அந்தப் பையில் பொருத்துவினம். மிச்ச இரைப்பை உள்ளுக்குத்தான் இருக்கும், ஆனால் சாப்பாடு அதுக்குள்ள போகாது. உணவுப் பாதையும் செமிபாட்டு நீர்ப் பாதையும் கீழ போய்ச் சந்திக்கிறதால ஆங்கில 'வை' எழுத்து மாதிரி இருக்கும். சுவிஸ் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் செசார் ரூவின் பெயரில் ரூ-என்-வை எண்டு சொல்லுறது இதைத்தான்.

இதைவிட ஒரே ஒரு பொருத்தோட முடியிற 'மினி பைபாஸ்' இருக்கு, இந்தியாவில் பிரபலம். இரைப்பையைச் சுத்தி வளையம் போடுற 'பாண்ட்' இருக்கு. ஒருகாலத்தில் வெளிநாடுகளில் ஓகோ எண்டு போனது, பிறகு கழட்டுற ஆக்களின்ர தொகை ஏறிப் போய் இப்ப பெரிதாய்ச் செய்யிறதில்லை. வயித்துக்குள்ள பலூன் வைக்கிறதும் இருக்கு, வழமையாய் ஆறு மாதத்தில் வெளியில எடுக்க வேணும். எடுத்த பிறகு எடை என்ன செய்யும் எண்டு சொல்லத் தேவையில்லை. பாண்டையும் பலூனையும் பற்றி இதுக்கு மேல எழுத எனக்கு மனமில்லை.

சரி, எது கூடக் குறைக்குது? இதுக்கு ஊகம் தேவையில்லை. ஆக்களைச் சீட்டுக் குலுக்கிற மாதிரி இரண்டாய்ப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு ஸ்லீவும் மற்றப் பக்கத்துக்குப் பைபாஸும் செய்து ஐஞ்சு வருசம் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகள் 2018 இல் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஒண்டு பின்லாந்தில் 240 பேரோட, மற்றது சுவிசில். பின்லாந்து ஆய்வில், இருக்க வேண்டியதுக்கு மேல இருந்த எடையில் ஸ்லீவ் செய்தவை சராசரியாய் 49 சதவீதமும் பைபாஸ் செய்தவை 57 சதவீதமும் இழந்திருந்தினம். பைபாஸ் கொஞ்சம் முன்னுக்கு. ஆனால் சண்டை பிடிக்கிற அளவு வித்தியாசமில்லை. சுவிஸ் ஆய்விலும் எடையில் பெரிய வேறுபாடு தெரியேல்லை.

வேறுபாடு தெரிஞ்சது நெஞ்செரிவில். சுவிஸ் ஆய்வில், முன்னமே நெஞ்செரிவு இருந்தவையில் ஸ்லீவுக்குப் பிறகு கிட்டத்தட்ட மூண்டில் ஒருவருக்கு அது மோசமானது. பைபாஸ் செய்தவையில் அப்பிடி ஆனது நூற்றுக்கு ஆறு பேரளவில்தான். பின்லாந்து ஆய்வைப் பத்து வருசம் வரை கொண்டுபோய், குழாய் விட்டுப் பாத்தபோது, ஸ்லீவ் செய்தவையில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாயில் அமிலம் பட்ட புண், பைபாஸ் பக்கம் 7 சதவீதம். காரணம் விளங்கக் கூடியது. அகலமான பையை ஒடுக்கமான குழாயாய் மாத்தினால் உள்ளுக்கு அழுத்தம் கூடும், கூடின அழுத்தம் மேல தள்ளும்.

இரண்டு தலையணை வைச்சுப் படுக்கிற என்ர சிநேகிதிக்கு ஸ்லீவ் எவ்வளவு பொருத்தம் எண்டு இப்ப நீங்களே யோசியுங்கோ. பெரியம்மாவுக்கு நெஞ்செரிவு இருக்கேல்லை. பெரியம்மாவுக்குச் சரிவந்தது பெரியம்மாவின்ர வயிறு.

சீனி வருத்தமும் அப்பிடித்தான். இலங்கையில் வளர்ந்தவையில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு எண்டு நாடளாவிய ஆய்வு ஒண்டு சில வருசங்களுக்கு முன் காட்டினது. நாலு பேருக்கு ஒராள் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட பக்கம் மந்திகை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்கு விடிய வெள்ளன வந்து நிக்கிற சனத்தைப் பாத்தவைக்கு இந்தக் கணக்கு புதினமாய் இராது. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் நீரிழிவு உள்ள 150 பேரை வைச்சு நடந்த ஆய்வில், மூண்டு மாதச் சீனி அளவை 6 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வர முடிஞ்சவை ஐஞ்சு வருச முடிவில் மருந்தோட மட்டும் 5 சதவீதம், ஸ்லீவோட 23 சதவீதம், பைபாஸோட 29 சதவீதம். சத்திரசிகிச்சை மருந்தைவிட நல்லாய் வேலை செய்யுது எண்டது தெளிவு. ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், பைபாஸ் செய்தும் பத்துப் பேரில் ஏழு பேருக்கு அந்த இலக்கு எட்டேல்லை. விளம்பரங்களில் இந்தப் பாதி வராது. வருத்தம் பழசாகப் பழசாக, இன்சுலின் போட்ட காலம் கூடக் கூட, பலன் குறையும்.

இவ்வளவையும் வாசிச்சிட்டு நீங்கள் "அப்ப பைபாஸ்தான்" எண்டு முடிவுக்கு வந்திருப்பீங்கள். அவசரப்படாதேங்கோ. இந்த ஆய்வுகள் நடந்த இடங்களைப் பாருங்கோ: பின்லாந்து, சுவிஸ், அமெரிக்கா. அங்க சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆளை வருசத்துக்கு வருசம் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பாக்க ஒரு ஏற்பாடு இருக்கு. பைபாஸ் எண்டது ஒருநாள் வேலை இல்லை. அது சாகும் வரைக்கும் பின்னால வாற ஒரு கடன். சிறுகுடலின்ர முதல் பகுதியைச் சாப்பாடு தாண்டிப் போறதால இரும்பு, கல்சியம், விற்றமின் பி 12, விற்றமின் டி எல்லாம் உடம்பில ஒழுங்காய்ச் சேராது. ஒவ்வொரு நாளும் குளிசை, வருசத்துக்கு ஒருக்காலாவது ரத்தச் சோதனை, பலருக்கு பி 12 ஊசி. ஸ்லீவுக்கும் குளிசை வேணும்தான், ஆனால் விட்டுப்போனால் வாற தண்டனை பைபாஸில் பெரிசு. மினி பைபாஸில் இன்னும் பெரிசாகலாம். அதில் குடலில் தாண்டுற தூரம் வழமையாய்க் கூட. 2019 இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொண்டில் எடை குறையிறதில் அது சாதாரணப் பைபாஸுக்குச் சமமாய்த்தான் இருந்தது, ஆனால் வயித்தோட்டமும் சத்துக் குறைபாடும் கூட. 'மினி' எண்ட சொல்லில் மயங்கிற ஆக்களுக்காக இதைச் சொல்லுறன்.

2022 ஐ ஞாபகப்படுத்திப் பாருங்கோ. பெற்றோல் வரிசையை எல்லாரும் படம் எடுத்து வைச்சிருக்கிறம். மருந்துத் தட்டுப்பாட்டை ஆரும் படம் எடுக்கேல்லை. அண்டைக்குப் பிறஷர் குளிசைக்கே அலைஞ்ச நாட்டில், வாழ்நாள் முழுக்க நாலு விதக் குளிசையில் தங்கியிருக்கிற உடம்பை உருவாக்கப் போறம் எண்டால் அதை ஒருக்கால் யோசிக்க வேணும். வேண்டாம் எண்டு சொல்லேல்லை. கனடாவில் இருக்கிறவைக்கு இந்த யோசனை தேவைப்படாது, எங்களுக்குத் தேவை. அவ்வளவுதான்.

இன்னொரு விசயம், இது எங்கட ஊருக்கே உரியது. முழங்கால் நோ எண்டால் நாங்கள் என்ன செய்யிறம்? சந்தியில் இருக்கிற பாமசியில் டைக்ளோபெனக் இரண்டு வாங்கிப் போடுறம். பைபாஸ் செய்தவை இந்த வகை நோக்குளிசைகளைத் தொடக் கூடாது. இரைப்பைப் பையும் குடலும் பொருத்தின இடத்தில் புண் வரும், வெடிக்கவும் கூடும். புகைப்பழக்கமும் அப்பிடித்தான். அதோட மது. பைபாஸுக்குப் பிறகு சாராயமோ கள்ளோ ரத்தத்தில் ஏறுற வேகம் கூடும், ஒரு போத்தலில் வாற வெறி அரைப் போத்தலில் வரும். முன்னம் குடிப்பழக்கம் இல்லாதவைக்குக்கூட இரண்டு மூண்டு வருசத்தால பழக்கம் தொத்தினதை வெளிநாட்டு ஆய்வுகள் பதிஞ்சிருக்கு. குடிக்கிற பெடியன் ஒருத்தனுக்கு ஸ்லீவா பைபாஸா எண்டு முடிவெடுக்கேக்க இது மேசையில் இருக்க வேண்டிய விசயம். பெத்தவைக்கு முன்னால இருந்து டொக்டரோட கதைக்கிற பெடியன் "நான் குடிக்கிறனான்" எண்டு சொல்லுவானோ? அதாலைதான் அந்தக் கதை தனியக் கதைக்கப்பட வேணும் எண்டுறன்.

பெட்டையளின்ர நிலைமை இதைவிடச் சிக்கல். எங்கட இடத்தில் இளம் பெண்கள் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போறதுக்கு உண்மைக் காரணம் கனதடவை சீனியோ பிறஷரோ இல்லை, கலியாணம். புறோக்கர் கொண்டு வாற ஒவ்வொரு சம்பந்தமும் படத்தோட திரும்பிப் போகுது, அம்மா அழுகிறா, பெரியம்மா காசு அனுப்புறா. எடை குறையுது, கலியாணம் நடக்குது, மூண்டாம் மாதம் மாமியார் "விசேசம் ஒண்டுமில்லையோ" எண்டு கேட்கத் தொடங்குறா. சத்திரசிகிச்சைக்குப் பிறகு 12 தொடக்கம் 18 மாதம் வரை பிள்ளை தங்கக் கூடாது எண்டதுதான் மருத்துவர்மார் சொல்லுற விதி. எடை விழுந்துகொண்டிருக்கிற உடம்பில் வளருற பிள்ளைக்கும் சத்துக் கிடையாது, தாய்க்கும் கிடையாது. இதில இன்னொரு முடிச்சு: எடை குறைய மாதவிடாய் ஒழுங்காகும், பிள்ளை தங்கிற வாய்ப்பு முந்தியைவிடக் கூடும். பைபாஸ் செய்தவைக்குக் கருத்தடைக் குளிசை நம்பிக்கையாய் வேலை செய்யாது, வேற வழி பாக்க வேணும். இதெல்லாத்தையும் மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் எப்பிடிச் செய்யிறது?

சொல்லுறதில்லை. அதுதான் நடக்குது. சத்திரசிகிச்சையை மறைக்கச் சொல்லி வீட்டில சத்தியம் வாங்கினம். குளிசையை ஒளிச்சு வைக்க வேண்டி வரும், ஒளிச்சு வைச்ச குளிசை கெதியில நிண்டுபோகும். மாதவிடாய் வாற வயசில் பைபாஸும் செய்து இரும்புக் குளிசையையும் விட்டால் ரத்தம் எங்க போய் நிக்கும்? ஒரு வருசத்துக்குள்ள கலியாணம் பேசுறதாய் இருந்தால் இரண்டும் வேண்டாம், கலியாணத்தை முதல் தள்ளிப் போடுங்கோ எண்டு நான் நேராகவே சொல்லுவன். கோபிக்கிறவை கோபிக்கட்டும்.

சாப்பாட்டையும் பாப்பம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு நாளைக்கு குறைஞ்சது 60 கிராம் புரதம் சாப்பிடச் சொல்லுவினம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் இருக்கு. கரையோரத்தில் இருக்கிற வடமராட்சி ஆக்களுக்கு மீன் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை புட்டு. அரை நீத்துப்பெட்டிப் புட்டைச் சாப்பிட்டவுடன வயிறு நிரம்பிடும், பிறகு மீனுக்கு இடமில்லை. எந்தச் சத்திரசிகிச்சை எண்டாலும் மீன் முதல், புட்டு பிறகு எண்டு கோப்பையைத் திருப்பிப் போட வேணும். எங்கட அம்மாமாருக்கு இது விளங்கிறது கஷ்டம், "சோறு தின்னாமல் மீனை மட்டும் தின்னுது" எண்டுவினம். பைபாஸ் செய்தவை இனிப்பிலும் கவனம். ஒரு துண்டு தொதல், பனங்கட்டியோட பிளேன்ரீ, கொஞ்ச நேரத்தில் வேர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு புரண்டு படுக்க வேண்டி வரலாம். சிலர் இதைப் பைபாஸின்ர குறை எண்டுவினம். இனிப்பை நிப்பாட்டேலாத ஆக்கள் சிலர் இதுதான் தங்களைக் காப்பாத்தினது எண்டுவினம்.

இனி, எங்க போய்ச் செய்யிறது? கொழும்புப் பக்கத்தில் அரச வைத்தியசாலைகளிலயும் தனியாரிலயும் இது நடக்குது. ஆனால் எங்கட ஆக்களின்ர கண் சென்னையில்தான். பலாலியில் இருந்து விமானம் இருக்கு, மொழி ஒண்டு, யூரியூப்பில் தினமும் ஒரு டொக்டர் வந்து சிரிக்கிறார், பக்கேஜ் விலை போட்டு வட்ஸ்அப்பில் படம் வருது. சென்னையில் மிகத் திறமான நிபுணர்கள் இருக்கினம், அதை மறுக்கேல்லை. 2024 ஏப்ரலில் நடந்ததையும் மறக்கேலாது. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசு இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் ஒரு மருத்துவமனையில் எடை குறைக்கிற சத்திரசிகிச்சைக்குப் போய், அது தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நிலைமை மோசமாகி, அடுத்த நாள் இறந்தார். முதலில் பாத்த பெரிய மருத்துவமனையைவிடக் குறைஞ்ச செலவில் செய்யலாம் எண்டுதான் அங்க போனதாய்ச் செய்திகள் வந்தன. விசாரணைக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சுகாதாரத்துறை அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாய் நிறுத்தினது.

நல்ல இடங்களில் இந்தச் சத்திரசிகிச்சையால் இறப்பு ஆயிரத்துக்கு ஒண்டு, இரண்டு எண்ட அளவில்தான், பித்தப்பை எடுக்கிறதோட ஒப்பிடக் கூடியது. அதாலை பயமுறுத்த இதைச் சொல்லேல்லை. ஸ்லீவா பைபாஸா எண்டு மாதக்கணக்காய்ப் பட்டிமன்றம் நடத்திற நாங்கள், அந்தக் கட்டடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கோ, இரவு ஆர் நிப்பினம், இந்த டொக்டர் இதே வேலையை எத்தினை பேருக்குச் செய்திருக்கிறார் எண்டு ஒரு நாளும் கேட்கிறதில்லை. எனக்கு, முறையைவிட இடம்தான் முதல் கேள்வி.

அதோட திரும்பி வாற கணக்கு. தையல் போட்ட கோட்டில் கசிவு வாறது எண்டால் முதல் சில கிழமைக்குள்ள வரலாம். பக்கேஜோ நாலாம் நாள் ஆளை அனுப்பும், பத்தாம் நாள் நீங்கள் நெல்லியடியில் வீட்டில. காய்ச்சல், நெஞ்சு வேகமாய் அடிக்கிறது, இடது தோள்மூட்டில நோ, இதில ஏதாவது வந்தால் எங்க போவீங்கள்? மந்திகைக்கு. அங்க இருக்கிற டொக்டருக்கு உங்கட வயித்துக்குள்ள என்ன செய்திருக்கு எண்டு எப்பிடித் தெரியும்? ஒரு உதாரணம்: சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிழமைக்கணக்கில் சத்தி எடுத்துக் கொண்டிருக்கிற ஆளுக்குத் தயமின் எண்ட விற்றமின் பி 1 வத்திப் போயிருக்கும். அதைக் குடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏத்தினால் மூளை பாதிக்கப்படலாம். பைபாஸ் செய்தவருக்கு மிச்ச இரைப்பையைச் சாதாரணக் குழாய் விட்டுப் பாக்கவும் ஏலாது. இதெல்லாம் கையில் ஒரு ஒற்றை இருந்தால் தீர்ந்துபோற பிரச்சினை: எந்த முறை, எந்தத் திகதி, குடலில் எவ்வளவு தூரம் தாண்டியிருக்கு, ஒரு சின்னப் படம். அந்த ஒற்றையை எழுதித் தராத மருத்துவமனையில் செய்யாதேங்கோ.

ஆருக்கு இது தேவை எண்டதிலயும் ஒரு எச்சரிக்கை. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் இரண்டு தடவை பிரிச்சால் வாறது உடற்திணிவுச் சுட்டி. 1991 இல் அமெரிக்காவில் வைச்ச எல்லை 40, வேற வருத்தம் இருந்தால் 35. எங்கட உடம்பில் வயித்துக் கொழுப்புக் கூட, சீனி குறைஞ்ச எடையிலயே வருது எண்டு ஆசிய நாட்டவருக்கு எல்லையைக் குறைச்சினம். இந்தியாவில் வழக்கமாய்ச் சொல்லுறது 37.5, வருத்தம் இருந்தால் 32.5. 2022 இல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் ஆசியருக்கு 27.5 இல் இருந்தே யோசிக்கலாம் எண்டு விட்டினம். 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருத்திக்கு அது 70 கிலோ. கட்டுப்படாத நீரிழிவுக்கு இந்தத் தளர்வு நியாயம். ஆனால் வியாபாரி கையில் இதே எண் கிடைச்சால், 71 கிலோ உள்ள ஆரோக்கியமான பெட்டைக்கு "நீங்கள் தகுதி" எண்டு சொல்ல ஒரு கடுதாசி கிடைக்குது. வருத்தம் இல்லாமல் அந்த எடையில் இரைப்பையை வெட்டுறதை நான் ஏற்கமாட்டன்.

ஊசி மருந்துகள் வந்திட்டுதே, இனி ஏன் வெட்டு எண்டு கேட்பீங்கள். செமாகுளுரைட் ஊசி பெரிய ஆய்வில் சராசரி 15 சதவீத எடையைக் குறைச்சது, ரேர்செபரைட் ஆகக் கூடின அளவில் 20 சதவீதத்தைத் தாண்டினது. சின்னச் சாதனை இல்லை. நிப்பாட்டினால் எடை திரும்புது, நிப்பாட்டாமல் போட மாதம் மாதம் காசு வேணும். அதைப் பற்றித் தனியாக எழுதத்தான் வேணும். எடை நடுத்தரமாய் இருக்கிறவை முதல் அதைப் பற்றி டொக்டரிட்டக் கேட்கிறது நல்லம் எண்டது மட்டும் இப்ப சொல்லுறன்.

என்ர பார்வையில், நெஞ்செரிவு இல்லாத, சீனி புதுசாய் வந்த அல்லது வராத, ஊரிலேயே இருக்கப் போற, குளிசைக் கணக்கு ஒழுங்காய் வைக்க மாட்டன் எண்டு தன்னைத் தானே அறிஞ்ச ஒருவருக்கு ஸ்லீவ் பொருந்தும். பழைய சீனியும் நெஞ்செரிவும் உள்ளவருக்கு, வருசா வருசம் ரத்தம் குடுத்துப் பாக்கிற ஒழுக்கம் இருந்தால், புகை இல்லையெண்டால், ரூ-என்-வை பைபாஸ். சிநேகிதி இரண்டாவது வகை. முதலில் குழாய் விட்டுப் பாக்கச் சொல்லியிருக்கு, அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் திகதி. பெரியம்மா காசை ஸ்லீவுக்கு எண்டுதான் அனுப்புவன் எண்டு இன்னும் நிக்கிறா. குழாய் விட்டுப் பாத்த றிப்போட்டை அவவுக்கு ஆங்கிலத்திலேயே அனுப்பி, அங்க இருக்கிற அவவின்ர டொக்டரிட்டக் காட்டச் சொல்லலாம் எண்டு யோசிச்சிருக்கிறம்.